பதினாலாம் காலில் ஐந்து வோல்ட்

கம்ப்யூட்டருக்குள் எந்தப் பாகம் கெட்டாலும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டுவதுதான் வழக்கம். ஹார்டு டிஸ்க்கைப் பிரித்துச் சரிசெய்தவர் அபூர்வம். ராம் போனால் போனதுதான். இந்த வழக்கத்துக்கு நீண்டகாலம் கட்டுப்படாமல் இருந்த முக்கியமான பாகம், கேபினட்டின் பின்பக்க மேல்மூலையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் தகரப் பெட்டி. ஊரில் எல்லாருக்கும் அது எஸ்.எம்.பி.எஸ். 1990-களிலும் அதற்கடுத்த பத்தாண்டுகளிலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மட்டுமின்றி, சிற்றூர்களின் பேருந்து நிலையத்தை ஒட்டிய டிவி ரிப்பேர் கடைகளிலும் அந்தப் பெட்டியைத் திறந்தார்கள், ஈயம் வைத்தார்கள், மறுபடி ஓடவிட்டார்கள்.

சரிசெய்தவர்களில் பலருக்குக் கம்ப்யூட்டரை இயக்கத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. 230 வோல்ட் உள்ளே போகிறது, 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் வெளியே வரவேண்டும், வரவில்லை. கலர் டிவியில் அவர்கள் அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்த கோளாறுதான் இது.

இந்தப் பெட்டி ஒரு தொழிலுக்கே சோறு போட்டதற்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள், யார் செய்தாலும், எந்தப் பெயர் ஒட்டி விற்றாலும், அதன் உள்ளமைப்பு பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. ஒரு பெட்டியைப் படித்தவர் நூறு பெட்டிகளைப் படித்தவர் ஆனார். அந்த ஒற்றுமை எப்படி உருவாயிற்று என்பதை அறிய அமெரிக்காவில் ஒரு சமையலறை மேசைவரை போகவேண்டும்.

1960-களின் கணினிகளிலும் கருவிகளிலும் பெரும்பாலும் இருந்தது பழைய பாணி பவர் சப்ளை. இரும்புத் தகடுகள் அடுக்கிய கனத்த டிரான்ஸ்ஃபார்மர் மின் அழுத்தத்தைக் குறைக்கும். அதற்கு மேலும் மிஞ்சியதை ஒரு டிரான்சிஸ்டர் வெப்பமாக எரித்துத் தள்ளும். உள்ளே போகும் மின்சாரத்தில் பாதி வெப்பமாகவே வீணாகும். 1975 ஜனவரியில் வந்து வீட்டுக் கணினி மோகத்தைத் தொடங்கிவைத்த ஆல்டேர் 8800-இலும் இந்த வகை டிரான்ஸ்ஃபார்மர்தான் இருந்தது.

மாற்று வழி பொறியாளர்களுக்கு முன்பே தெரியும். வீட்டு மின்சாரத்தை அப்படியே நேர்மின்சாரமாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறிய ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்பும் ஸ்விட்ச்சிங் முறை அது. வெட்டும் வேகம் கூடக்கூட டிரான்ஸ்ஃபார்மர் சிறுத்துக்கொண்டே போகும். நொடிக்கு 50 முறை அலையும் மின்சாரத்துக்குப் பல கிலோ இரும்பு தேவைப்பட்ட இடத்தில், 30,000 முறை வெட்டப்பட்ட மின்சாரத்துக்குத் தீப்பெட்டி அளவில் ஒன்று போதும். விண்வெளித் திட்டங்களிலும் ராணுவத்திலும் இது 1960-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அங்கே எடைதான் பெரிய கவலை, விலை அடுத்தது. சாமானியப் பொருளுக்கு இறங்கி வர இரண்டு விஷயங்கள் தடையாக இருந்தன. உயர் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே வேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் மலிவாகக் கிடைக்கவில்லை. அதை ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றையோ உதிரிப் பாகங்களைக் கொண்டு கோக்கவேண்டியிருந்தது.

ராபர்ட் போஷர்ட் என்பவர் 1970-இல் வேலையை விட்டுவிட்டுத் தன் வீட்டுச் சமையலறை மேசையில் பவர் சப்ளை செய்யத் தொடங்கினார். பாகங்களை ஒவ்வொன்றாகக் குறைத்து, பழைய பாணி சப்ளையோடு விலையில் போட்டியிடும் அளவுக்கு அதை எளிமையாக்கியதே அவர் சாதனை. 1977 வாக்கில் அவரது நிறுவனத்தில் 650 பேர் வேலை பார்த்தார்கள். 1976-இல் சிலிகான் ஜெனரல் நிறுவனத்தில் ராபர்ட் மம்மானோ கட்டுப்பாட்டுச் சுற்று முழுவதையும் ஒரே சில்லுக்குள் அடக்கினார். அந்த வழியில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கொண்டுவந்ததுதான் பதினாறு கால்கள் கொண்ட டி.எல். 494. ரிப்பேர் கடைகளில் இதன் செல்லப்பெயர் வெறும் '494'.

இதே காலத்தில், 1977-இல், ஆப்பிள் 2 வந்தது. விசிறியின் இரைச்சல் இல்லாத கணினி வேண்டும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதம் பிடித்தார். அடாரியில் இருந்து வந்த ராட் ஹோல்ட் அதற்கென 38 வாட் ஸ்விட்ச்சிங் சப்ளை ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தார். இன்றைய எல்லாக் கணினிகளும் ஹோல்ட்டின் வடிவமைப்பையே திருடிப் பயன்படுத்துகின்றன என்று ஜாப்ஸ் பிற்காலத்தில் சொன்னது வால்டர் ஐசக்ஸன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அது மிகைப்பட்ட பேச்சு. ஹோல்ட்டின் வேலை நேர்த்தியானது, சந்தேகமில்லை. ஆனால் டி.இ.சி.யின் மினி கணினிகளிலும் ஹெச்.பி.யின் டெர்மினல்களிலும் ஸ்விட்ச்சிங் சப்ளை முன்பே வந்துவிட்டது. பிறகு வந்த ஐ.பி.எம். பெட்டிகளின் சுற்றும் ஹோல்ட்டினுடையதிலிருந்து வேறானது. பல கைகள் சேர்ந்து செய்த வேலை இது. அவற்றுள் அதிகம் பேசப்படவேண்டிய பெயர் போஷர்ட்டுடையது. அதிகம் பேசப்படாததும் அதுவே.

நம் ஊர்க் கடைகளுக்கு வந்துசேர்ந்தது ஐ.பி.எம். வம்சம். 1981 ஆகஸ்டில் வந்த முதல் பி.சி.க்கு 63.5 வாட். 1983-இன் எக்ஸ்.டி.க்கு 130 வாட். 1984 ஆகஸ்டின் ஏ.டி.க்கு 192 வாட். இந்த ஏ.டி.யை நகலெடுத்துத்தான் தைவானின் தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் கணினிகளைச் செய்து குவித்தன. பவர் சப்ளைக்கு அவை பிடித்துக்கொண்ட வாய்ப்பாடு, பாதிப்பாலம் எனப்படும் ஹாஃப் பிரிட்ஜ் அமைப்பு: ஒரு 494, இரண்டு 13007 டிரான்சிஸ்டர், 200 வோல்ட் கெபாசிட்டர் இரண்டு, ஒரு பெரிய ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர், அதைத் தூண்டிவிட ஒரு சிறியது. 494-க்குப் பதிலாகச் சிலர் கே.ஏ. 7500 போட்டார்கள், சிலர் டி.பி.எல். 494. கால்களின் வரிசை மாறவில்லை. ஒன்றைக் கழற்றிய இடத்தில் மற்றதை வைக்கலாம்.

அந்த நகல்கள் இந்தியாவுக்குள் வர வழி திறந்தது 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை. உதிரிப் பாகங்களின் இறக்குமதி எளிதாகி, 'அசெம்பிள்டு' கணினி என்ற ரகம் பிறந்தது. சென்னையில் அதன் தலைமையகம் அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி ஸ்ட்ரீட்டும் நரசிங்கபுரம் தெருவும். ரேடியோவுக்கும் டிவிக்கும் உதிரிப் பாகம் விற்ற தெருக்கள் அவை. கணினி அங்கே வந்தபோது கெபாசிட்டரும் டிரான்சிஸ்டரும் மீட்டரும் ஏற்கெனவே கடைகளில் இருந்தன. கூடவே, அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியது. 1982-இல் ஆசிய விளையாட்டையொட்டி கலர் வந்தது. கலர் டிவிக்குள் ஸ்விட்ச்சிங் சப்ளை இருந்ததால், தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் எஸ்.எம்.பி.எஸ். பாடத்தைக் கணினி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே டயனோராவிலும் சாலிடேரிலும் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். கல்லூரிப் பக்கம் பி. கோவிந்தராஜுலுவின் 'ஐ.பி.எம். பி.சி. அண்டு குளோன்ஸ்' போன்ற நூல்கள் கணினியைப் பிரித்துக் காட்டின. கடைப் பக்கம் பாடம் கையிலிருந்து கைக்குப் போயிற்று.

அந்தக் கைப்பாடம் எப்படி நடந்தது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம்.

நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கியதும் முதல் வேலை முகர்வது. எரிந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு வாடை, கருகிய ரெசிஸ்டருக்கு வேறு வாடை, வெடித்த கெபாசிட்டருக்கு மீன் நாற்றம்போல ஒரு வீச்சம். அடுத்து, பெயிண்ட் பிரஷ்ஷால் தூசு தட்டுவது. நம் வீடுகளின் தூசோடு எறும்பும் கரப்பானும் வரும். சில நேரம் காய்ந்து கருகிய பல்லி ஒன்று ஹீட் சிங்க்குக்கும் போர்டுக்கும் நடுவே ஒட்டிக்கிடக்கும். வெதுவெதுப்பைத் தேடி விசிறி ஓட்டை வழியே நுழைந்து, 325 வோல்ட்டில் இரண்டு புள்ளிகளைத் தன் உடலால் இணைத்துவிட்ட பல்லி அது. எந்த அமெரிக்கக் கையேட்டிலும் இல்லாத இந்தக் கோளாறைத் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் நன்றாக அறிவார்கள்.

325 என்ற எண்ணில் விளையாட்டில்லை. 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேராக்கினால் அதன் உச்சம் அவ்வளவு. அந்த இரண்டு பெரிய கெபாசிட்டர்களும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதைச் சேமித்து வைத்திருக்கும். அதை வடிப்பதற்கென்றே போர்டில் ரெசிஸ்டர்கள் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்று அறுந்திருந்தால், அணைத்து நெடுநேரமான பெட்டியும் ஆளைத் தூக்கியடிக்கும். அவசரக்காரர்கள் ஸ்க்ரூ டிரைவரால் குறுக்கே தொட்டுப் பொறி பறக்கவைத்து வடிப்பார்கள். காலும் போகும், கெபாசிட்டரும் போகும். நிதானமானவர்கள் ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கைவைப்பார்கள். வீட்டில் தானே பழுதுபார்க்க முனைந்தவர்கள் முதலில் கற்கவேண்டியிருந்த பாடம் இதுதான். கற்காமல் இறங்கியவர்கள் ஷாக் வாங்கியே கற்றார்கள்.

பிறகு ஃபியூஸ். கண்ணாடிக் குழாய் கறுத்துப்போயிருந்தால் அதை மட்டும் மாற்றிப் போடுபவர் புதியவர். போட்ட நொடியில் 'பட்' என்ற சத்தத்தோடு அதுவும் போகும். கறுத்த ஃபியூஸுக்குப் பின்னால் பெரும்பாலும் ஷார்ட் ஆன 13007 இருக்கும். ஒன்று ஷார்ட் ஆனால் மற்றதையும் சேர்த்துக் கொண்டுபோவது அந்த அமைப்பின் குணம். இரண்டையும் மாற்றவேண்டும், அவற்றின் அடியிலுள்ள சின்ன ரெசிஸ்டர்களையும் டயோடுகளையும் பார்க்கவேண்டும். பார்த்த பிறகும் நேராக பிளக்கில் சொருகமாட்டார்கள். சுவரில் ஒரு பலகை இருக்கும்: ஹோல்டரில் 100 வாட் பல்ப், பக்கத்தில் ஒரு சாக்கெட். பல்பும் பெட்டியும் ஒரே வரிசையில் இணைந்திருக்கும். சீரீஸ் போர்டு என்பது அதன் பெயர். சுவிட்ச் போட்டதும் பல்ப் பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட். ஒருமுறை மின்னி, உடனே மங்கிவிட்டால் கெபாசிட்டர் நிரம்பிவிட்டது, பெட்டி பிழைத்தது. ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்களைக் காப்பாற்றிய கருவி இந்தக் குண்டு பல்ப்.

அடுத்து 494-இன் பதினாலாம் கால். சில்லுக்கு உயிர் இருந்தால் அங்கே சரியாக 5 வோல்ட் நிற்கும். பன்னிரண்டாம் காலில் சப்ளை வந்து, பதினாலில் 5 இல்லையென்றால் சில்லை மாற்று. பதினாலில் 5 இருந்தும் எட்டிலும் பதினொன்றிலும் துடிப்பு இல்லையென்றால் நான்காம் காலைப் பார்; ஏதோ ஒரு பாதுகாப்புச் சுற்று அங்கே அழுத்தத்தை ஏற்றிச் சில்லின் வாயை அடைத்துவைத்திருக்கிறது. இந்த நான்கு வரிப் பாடம், டேட்டா ஷீட் என்ற ஒன்றைக் கண்ணால் பாராதவர்களுக்கும் மனப்பாடம். எந்தக் கம்பெனிப் பெட்டிக்கும் செல்லுபடியான பாடம் என்பதே அதன் பலம்.

ஏ.டி. பெட்டிகளுக்கு இன்னொரு குணம் உண்டு. சுமை இல்லாமல் தனியே சொருகினால் அவை ஒழுங்காக ஓடாது. அதற்காகவே கடைகளில் செத்துப்போன ஹார்டு டிஸ்க் ஒன்றையோ வண்டியின் 12 வோல்ட் பல்பையோ வைத்திருப்பார்கள். மதர்போர்டுக்குப் போகும் ஒயர்கள் ஒரே வடிவிலான இரண்டு கனெக்டர்களாக வரும். பக்கம் மாற்றிச் சொருகினால் மதர்போர்டு அதோடு சரி. 'கறுப்போடு கறுப்பு சேரணும்' என்பது அன்றைய ஹார்டுவேர் வகுப்புகளின் முதல் கட்டளை. அதைவிட ஆபத்து முன்பக்க சுவிட்ச்சில் இருந்தது. 230 வோல்ட் அப்படியே நான்கு ஒயர்களில் கேபினட்டின் முன்பக்கம்வரை வந்து திரும்பும். அந்த நான்கில் இரண்டை மாற்றி இணைத்தவர்கள் தெரு ஃபியூஸையே தூக்கியிருக்கிறார்கள்.

இன்டெல் 1995-இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறை இந்த இரண்டு தலைவலிக்கும் முடிவு கட்டியது. இருபது ஊசிகள் கொண்ட ஒரே கனெக்டர், தப்பாகச் சொருகவே முடியாது. முன்பக்க பட்டனுக்கு இனி சில வோல்ட் மட்டும். பச்சை ஒயரைக் கறுப்போடு இணைத்தால் பெட்டி ஓடத் தொடங்கும். ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து மாட்டி, விசிறி சுற்றுகிறதா என்று வீட்டிலேயே எவரும் பார்க்கலாம். சிவப்பு 5, மஞ்சள் 12, ஆரஞ்சு 3.3, நீலம் மைனஸ் 12, ஊதா எப்போதும் உயிரோடிருக்கும் 5. நிறத்தை வைத்தே மீட்டரைப் பிடித்துவிடலாம். உலகம் முழுவதும் ஒரே நிறமுறை என்பது பழுதுபார்ப்பவருக்குக் கிடைத்த பெரிய கொடை. பாதிப்பாலமும் 494-உம் உள்ளே அப்படியே தொடர்ந்தன.

ஊதா ஒயர் மட்டும் புதிய நோய் ஒன்றையும் கொண்டுவந்தது. சுவர் சுவிட்ச்சை அணைக்காதவரை அந்தச் சிறிய துணைச் சுற்று இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும், விசிறி இல்லாமல், சூட்டில். அங்கே இருக்கும் கடுகளவுக் கெபாசிட்டர் சில ஆண்டுகளில் காய்ந்துவிடும். பட்டனை அழுத்தினால் பெட்டி அசையாது. ஹேர் டிரையரால் சூடேற்றினால் எழுந்துகொள்ளும். சில மலிவு வடிவமைப்புகளில் அது காய்ந்தபோது ஊதா ஒயரில் 5-க்குப் பதில் அதைவிடப் பல மடங்கு ஏறி, மதர்போர்டையும் கொன்றது. சில ரூபாய் கெபாசிட்டரை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும் கணினிகள் அவை.

தமிழ்நாட்டு வீடுகளுக்கென்றே சில கதைகள் இருந்தன. கேபினட்டைத் தொட்டால் கையில் 'சுர்'ரென்று ஏறும். எஸ்.எம்.பி.எஸ். லீக் அடிக்கிறது என்று பெட்டியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவருவார்கள். கடையில் சொருகினால் ஒன்றுமிருக்காது. குறை பெட்டியில் இல்லை, வீட்டு எர்த்தில். மின் இரைச்சலை வடிக்க, உள்ளே நுழையும் இரண்டு கம்பிகளிலிருந்தும் தகரத்துக்கு ஒவ்வொரு சிறு கெபாசிட்டர் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த்தே இல்லாத வீட்டில், மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைத்தெறிந்த வீட்டில், கேபினட் ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். கசிவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் பிரின்டரையோ மானிட்டரையோ ஓடும்போதே சொருகினால் அவற்றின் போர்ட்டைக் கொல்லும். 'முதல்ல வீட்டுக்கு எர்த் போடுங்க சார்' என்று சொல்லித் திருப்பியனுப்பிய மெக்கானிக், அன்று கிடைத்திருக்கக்கூடிய கூலியை விட்டுக்கொடுத்து உண்மையைச் சொன்னவர். அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

பின்பக்கச் சிவப்பு சுவிட்ச் மற்றொரு கதை. 115, 230 என்று இரண்டு நிலை. வீட்டுப் பிள்ளை விளையாட்டாக அதை 115-க்குத் தள்ளிவிட்டால், அமெரிக்க மின்சாரத்துக்கான இரட்டிப்புச் சுற்று விழித்துக்கொள்ளும். 200 வோல்ட் தாங்கும் ஒவ்வொரு கெபாசிட்டரின் தலையிலும் 325 வோல்ட் இறங்கும். வெடிச் சத்தம், வெள்ளைப் புகை, அறை முழுக்கக் காகிதச் சுருள். கெட்டிக்கார அசெம்ப்ளர்கள் கணினியை விற்கும்போதே அந்த சுவிட்ச்சின் மேல் டேப் ஒட்டிக்கொடுத்தார்கள்.

காற்றிலோ மழையிலோ கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் கதை தெருவுக்கே பொதுவாகிவிடும். மூன்று பேஸ் மின்சாரத்தில் நடுக்கம்பி போனால் சில வீடுகளுக்கு 230-க்குப் பதில் 300, 350 என்று ஏறும். மறுநாள் காலை மெக்கானிக் கடை வாசலில் டிவிகளும் எஸ்.எம்.பி.எஸ்.களும் வரிசையாக நிற்கும். 2008 முதல் தொடங்கி 2012-இல் உச்சத்துக்குப் போன மின்வெட்டு ஆண்டுகளில், ஒரு நாளைக்குப் பலமுறை போய்ப் போய் வந்த மின்சாரம் இந்த வரிசையை இன்னும் நீட்டியது. ஒவ்வொரு முறை மின்சாரம் திரும்பும்போதும் காலியாகிக் கிடக்கும் கெபாசிட்டர்கள் ஒரே மூச்சில் நிரம்பும். அந்த முதல் நொடிப் பாய்ச்சல்தான் பெட்டியின் பலவீனமான பாகத்தைத் தேடிப் பிடிக்கும்.

இவற்றையெல்லாம் மிஞ்சிய கொள்ளைநோய் ஒன்று 1999-ஐ ஒட்டித் தொடங்கி எட்டு ஆண்டுகள்போல நீடித்தது. உலகெங்கும் மதர்போர்டுகளிலும் பவர் சப்ளைகளிலும் கெபாசிட்டர்கள் தலை உப்பி, பழுப்புச் சாறு வடித்துச் சாகத் தொடங்கின. ஆண்டுக்கணக்கில் உழைக்கவேண்டியவை மாதங்களில் போயின. 2002-இல் தொழில்துறைப் பத்திரிகைகளில் வெளிவந்த கதை துப்பறியும் நாவலுக்கு நிகரானது: ஜப்பானின் ரூபிகான் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு விஞ்ஞானி அதை விட்டுச் சீனாவில் ஒரு நிறுவனத்துக்குப் போகிறார், அங்கே அவருடன் பணியாற்றியவர்கள் கெபாசிட்டருக்குள் ஊற்றும் திரவத்தின் செய்முறையைத் தூக்கிக்கொண்டு தைவானுக்குப் போகிறார்கள், தூக்கிய செய்முறையில் முக்கியமான சேர்மானம் விடுபட்டுப்போகிறது. தண்ணீர் மிகுந்த அந்தத் திரவம் உள்ளிருக்கும் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவைக் கக்குகிறது. கெபாசிட்டரின் தலையில் சிலுவைபோலக் கீறிவிட்டிருக்கும் கோடு இதற்காகத்தான். வாயு அழுத்தம் ஏறினால் வெடிக்காமல் அங்கே பிளந்து வழிவிடும்.

கதை சுவையானது என்பதற்காக எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிட முடியாது. டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை அனுப்பிய 1 கோடியே 18 லட்சம் கணினிகள் இந்த ஆபத்துக்கு உட்பட்டவை என்று 2010-இல் வெளிவந்த நீதிமன்ற ஆவணங்கள் காட்டின; 2005-இல் அந்நிறுவனம் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. அந்தக் கணினிகளில் கெட்டுப்போன கெபாசிட்டர்கள் பேர்பெற்ற ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. ஆக, திருடிய செய்முறையோடு மலிவுப் போட்டியும் அவசர உற்பத்தியும் சேர்ந்து செய்த கேடு அது.

உலகுக்குக் கேடாக வந்தது ரிப்பேர்காரர்களுக்கு வாழ்வாக அமைந்தது. 'கண்டன்சர் உப்பியிருக்கு' என்பதை மீட்டரே இல்லாமல் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். பதினைந்து, இருபது கெபாசிட்டர்களைக் கழற்றி, 105 டிகிரி ரகத்தைப் போட்டால் கணினி எழுந்துகொள்ளும். மலிவுப் பெட்டிகளில் 85 டிகிரி ரகமும் இருக்கும். சூடு பத்து டிகிரி கூடும்போதெல்லாம் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் நீண்டகாலமாகப் புழங்கும் கணக்கு. மே மாதத்து வேலூரிலும் திருச்சியிலும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு இல்லாமல் விசிறி இறுகிப்போன பெட்டிக்குள் அந்தக் கணக்கு எப்படி வேலைசெய்யும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. விசிறியின் ஸ்டிக்கரைப் பிரித்து அந்த ஒரு சொட்டை விட்டுக்கொடுத்ததே பல பெட்டிகளின் ஆயுளை நீட்டிய வைத்தியம். வீட்டில் செய்யத்தக்க வைத்தியமும் அதுதான்.

தொழில் ஒடிந்தது விலையால். 1997-இல் இந்தியா கையெழுத்திட்ட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தின்படி இறக்குமதித் தீர்வைகள் படிப்படியாகக் குறைந்து இல்லாமலே போயின. '450 வாட்' என்று ஒட்டிய புதுப் பெட்டி சில நூறு ரூபாய்க்கு வந்துவிட்டது. அந்த 450-இல் பாதிகூட அது தராது. திறந்து பார்த்தால் மின் இரைச்சலை வடிக்கும் சுருள்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டுகள். ஹீட் சிங்க் மெலிந்த தகரம். இருக்கவேண்டிய கெபாசிட்டர் பாதி அளவில். கையில் எடுத்த எடுப்பிலேயே கனம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் வாங்குபவர் ஸ்டிக்கரைப் பார்த்தார், கனத்தைப் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நல்ல பெட்டியைச் சரிசெய்பவரின் கூலியும் மோசமான புதுப் பெட்டியின் விலையும் ஒன்றாகிவிட்ட நாளில், நல்ல பெட்டி காயலான் கடைக்குப் போயிற்று. இது எந்தப் பொறியியல் கணக்கிலும் நியாயமானதல்ல.

மறுபக்கத்திலிருந்தும் கதவு மூடியது. 2004-இல் அமெரிக்காவில் தொடங்கிய 80 பிளஸ் சான்று, உள்ளே போகும் மின்சாரத்தில் 80 விழுக்காடாவது வெளியே வரவேண்டும் என்றது. பழைய பாதிப்பாலப் பெட்டிகள் 65, 70-க்கு மேல் ஏறுவது கடினம். புது வடிவமைப்புகள் வந்தன: மின்சாரத்தை முதலில் 380 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்கும் முன்சுற்று, எறும்புத் தலை அளவில் போர்டின் அடியில் ஒட்டிய பாகங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் சில்லுகள். மின்சாரம் மிச்சமாவது நல்ல விஷயம், அதை மறுக்க முடியாது. ஆனால் பதினாலாம் காலில் 5 வோல்ட் தேடும் பாடம் அங்கே செல்லுபடியாகவில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கிய பிறகு, மாணவர் வீடுகளில் பெட்டிக் கணினிக்கான தேவையும் சுருங்கியது. லேப்டாப்பின் அடாப்டர் திருகாணியே இல்லாமல் ஒட்டி மூடப்பட்ட பொருள்.

பாதிப்பாலம் மட்டும் சாகவில்லை. கணினியை விட்டு வெளியேறி வேறு இடங்களில் குடியேறிவிட்டது. துணிக்கடைப் பெயர்ப்பலகையின் எல்.இ.டி. விளக்குகளுக்கும் தெருமுனை சி.சி.டி.வி.க்கும் 12 வோல்ட் கொடுக்கும் துளைத்தகரப் பெட்டியைத் திறந்தால், உள்ளே 494 அல்லது 7500. பக்கத்தில் 13007-இன் அண்ணன் 13009 இரண்டு. பின்னால் 200 வோல்ட் கெபாசிட்டர் இரண்டு. ஓரத்தில் 115, 230 சுவிட்ச். லெட் ஆசிட் பேட்டரி ஓடும் மின் ஸ்கூட்டர்களின் மலிவு சார்ஜர்களிலும் பெரும்பாலும் இதே சுற்று. ஏ.டி. காலத்தில் கைபழகிய மெக்கானிக்குகளுக்கு இப்போது கடையில் வந்து சேர்பவை இவைதான். ஃபியூஸ் கறுத்திருந்தால் இரண்டு டிரான்சிஸ்டரையும் சேர்த்து மாற்றுகிறார்கள். மாற்றியதும் சீரீஸ் போர்டில் சொருகி, மீட்டரின் சிவப்பு முனையைப் பதினாலாம் காலில் வைக்கிறார்கள்.